ஹால்ல கிளி... ரூம்ல பஸ்!

ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டைத் தாண்டிப் போனீங்கன்னா ஒரு பஸ் ஹாரன் கேட்கும். திரும்பிப் பார்த்தா தெருவுல பஸ் இருக்காது. ரூமுக்குள்ள நான் உக்காந்து, 55 சென்டிமீட்டர் நீளமுள்ள என் பஸ்ஸுக்கு 9 வோல்ட் பேட்டரியில ஹாரன் செக் பண்ணிட்டு இருப்பேன். ரெண்டு செகண்ட் கழிச்சு அதே ஹாரன் ஹால்ல இருந்து கீச்சுக்குரல்ல திரும்பி வரும். அது புதினா. என் தங்கச்சியோட கிளி. கிச்சன்ல இருந்து அம்மா, "ரெண்டுல ஒண்ணையாவது நிறுத்தச் சொல்லு கண்ணு"ன்னு கத்துவாங்க.

போன வருஷம் மார்ச் வரைக்கும் எங்க வீடு இப்படித்தான் இருந்துச்சு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன், ரெண்டு ஹாபி!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஊர் கரூர். பஸ் பாடி கட்டற ஊர்ல பிறந்தவனுக்கு பஸ் பைத்தியம் பிடிக்கலைன்னாதான் ஆச்சரியம். எங்கப்பா ஒரு பாடி பில்டிங் பட்டறையில 22 வருஷமா ஸ்ப்ரே பெயிண்டர். சின்ன வயசுல ஸ்கூல் விட்டு நேரா பட்டறைக்குப் போயிடுவேன். எலும்புக்கூடா நிக்கற சேஸிஸ் ஒரு மாசத்துல கண்ணாடி, சீட்டு, கலர் எல்லாம் போட்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பிப் போறதைப் பார்த்துட்டே வளர்ந்தவன். 2020 லாக்டவுன்ல பட்டறை மூடிக் கிடந்தப்பதான், ‘நாமளே ஒண்ணு கட்டினா என்ன?’ன்னு தோணுச்சு.

செருப்புல டயர்... எக்ஸ்-ரேயில கண்ணாடி!

வெளிநாட்டுல ஸ்கேல் மாடல்னா பெட்டி வாங்குவாங்க. உள்ளே பிளாஸ்டிக் பார்ட்ஸ் சட்டத்தோட இருக்கும். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிக்கணும். இங்கிலாந்தோட ஏர்ஃபிக்ஸ், ஜப்பானோட டாமியா எல்லாம் இதுல பெரிய ஆளுங்க. விமானத்துக்கு 1:72ங்கற அளவு ரொம்ப பிரபலம். ஆறடி மனுஷன் அதுல சரியா ஒரு இஞ்ச் ஆயிடுவார், கணக்கு சுலபம். டாங்கிக்கு 1:35. இது எப்படி வந்துச்சு தெரியுமா? 1960-களோட தொடக்கத்துல டாமியாக்காரங்க ஒரு ஜெர்மன் டாங்கி மாடல் பண்ணினப்போ, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கற சைஸ் எதுன்னு பார்த்தாங்க. அந்த சைஸ் 1:35ல வந்து நின்னுச்சு. அதுவே அப்புறம் உலகம் பூரா ஸ்டாண்டர்ட் ஆயிடுச்சு. பேட்டரி போட்ட கணக்கு!

நம்ம பாக்கெட்டுக்கு டாமியா பெட்டியெல்லாம் செமஸ்டர் ஃபீஸ் மாதிரி. அதுவும் இல்லாம, நம்ம ஊர் மப்சல் பஸ்ஸை எந்த ஜப்பான்காரன் பெட்டியில போட்டு விக்கப் போறான்? அதனால நம்ம பசங்க சன்போர்டுல இறங்கிட்டாங்க. விளம்பர போர்டு செய்யற கடையில மிச்சத் துண்டா கேட்டா சும்மாவே கூடத் தருவாங்க. கட்டர் வெச்சா வெண்ணெய் மாதிரி வெட்டும்.

என் பஸ் 1:20. அதாவது நிஜ பஸ்ல 20 சென்டிமீட்டர் இருக்கறது என் பஸ்ல 1 சென்டிமீட்டர். அவ்வளவுதான் கணக்கு. ஆனா அந்த ‘அவ்வளவுதான்’ என்னை ரெண்டு மாசம் பாடாப் படுத்துச்சு. முதல் பஸ்ஸை போட்டோ பார்த்துக் கண் அளவுலயே கட்டினேன். எனக்கு சூப்பரா இருந்துச்சு. அப்பா வந்தார், குனிஞ்சு பார்த்தார், ஒரே வார்த்தை: "எஃப்.சி. கிடைக்காது."

"ஏம்ப்பா?"

"பின் வீலை ரெண்டு சென்டிமீட்டர் முன்னால வெச்சுட்டே. நிஜ வண்டியில அது 40 சென்டிமீட்டர். பின்னாடி இவ்வளவு தொங்கினா திருப்பத்துல மைல்கல்லை இடிச்சுட்டுத்தான் போகும்."

புத்தகத்தைப் புரட்டினேன். அப்பா சொன்னது சரி. பின் வீலுக்குப் பின்னால தொங்கற பகுதி வீல்பேஸ்ல 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு மோட்டார் வாகன விதியே இருக்கு. என் பஸ் சட்டவிரோத பஸ்!

அடுத்த நாள் அப்பா பட்டறையில டேப் பிடிச்சு, டீக்கடை பில் பின்னால அளவு எழுதிட்டு வந்தார். நீளம் 11 மீட்டர், எனக்கு 55 சென்டிமீட்டர். அகலம் இரண்டரை மீட்டர், எனக்கு பன்னெண்டரை. வீல்பேஸ் 222 இஞ்ச், எனக்கு 28.2 சென்டிமீட்டர். டயர் விட்டம் சுமார் 105 சென்டிமீட்டர், எனக்கு அஞ்சே கால். டயருக்கு எங்கே போறதுன்னு முழிச்சப்போ கண்ணுல பட்டது தேஞ்ச ஹவாய் செருப்பு. காம்பஸ்ல வட்டம் போட்டு வெட்டினேன். கனம்கூட ஏறக்குறைய சரியா வந்துச்சு. கருப்பு கிளாஸுக்குப் பாட்டியோட பழைய எக்ஸ்-ரே ஃபிலிம். (பாட்டியோட முழங்கால் எலும்பு மூணாவது ஜன்னல்ல லேசா தெரியும். வெளியே சொல்லிடாதீங்க.)

பொறுமை இருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். அளவைக் குறைச்சா பொருளோட கனமும் குறையணும்ங்கறதைப் பலரும் மறந்துடறாங்க. 3 மில்லிமீட்டர் சன்போர்டு நிஜத்துல 6 சென்டிமீட்டர் சுவர். பாடிக்கு அது ஓகே. ஆனா கைப்பிடிக் கம்பிக்கு ஐஸ்கிரீம் குச்சி வெச்சா, நிஜத்துல அது தென்னைமரத்தைப் பிடிச்சுட்டு நிக்கற மாதிரி. அதுக்கு கிட்டார் கம்பி, சார்ஜர் ஒயர் உள்ளே இருக்கற செம்பு, இந்த மாதிரி தேடணும். பாதி ஹாபியே இந்தத் தேடல்தான். ரோட்டுல கிடக்கற எதைப் பார்த்தாலும் ‘1:20க்கு இது என்னவா ஆகும்?’னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடும்.

‘லவ் பேர்ட்ஸ்’ லவ் பேர்ட்ஸே இல்ல!

தங்கச்சி பி.எஸ்ஸி. முதல் வருஷம். அவளுக்கு முதல்ல ஆசை பச்சைக்கிளி மேல. பாட்டி வீட்டுல ஒரு காலத்துல கூண்டுக்கிளி இருந்துச்சாம். ‘அக்கா வந்தாச்சு’ன்னு சொல்லுமாம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவ. ஆனா இன்னிக்கு அது முடியாது பாஸ். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிக்கவும் கூடாது, விக்கவும் கூடாது, ஆசையா வீட்டுல வளர்க்கவும் கூடாது. 1990-களோட தொடக்கத்துலயே நம்ம நாட்டுக் காட்டுப் பறவை வியாபாரத்துக்கு முழுத் தடை வந்தாச்சு. மொட்டைப் பனையில இருக்கற பொந்துல கை விட்டுக் குஞ்சை எடுத்துத்தான் அதை விக்கறாங்கங்கறது தெரிஞ்சப்புறம், அவளே ‘வேண்டாம்’னுட்டா.

கடைசியில வீட்டுக்கு வந்தது ஒரு ஜோடி பட்ஜி. பச்சை ஆண் புதினா, மஞ்சள் பொண்ணு லெமன். நம்ம ஊர்ல எல்லா பெட் ஷாப்லயும் இதைத்தான் ‘லவ் பேர்ட்ஸ்’னு விப்பாங்க. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர், ஆள் வேற. பட்ஜி ஆஸ்திரேலியா. 1840-ல் ஜான் கூல்ட் என்கிற பறவை ஆராய்ச்சியாளர் இங்கிலாந்துக்கு உயிரோட கொண்டுபோனார். அங்கிருந்து உலகம் பூரா கூண்டு ஏறிடுச்சு. எடை வெறும் 30, 40 கிராம். ஒரு பாக்கெட் பிஸ்கட்டைவிடக் குறைவு! ஆனா அசல் கிளி ஜாதி. கால் விரலைப் பாருங்க, முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. பேசவும் பேசும். கலிஃபோர்னியாவுல பக்-னு ஒரு பட்ஜிக்கு 1,728 வார்த்தை தெரியும்னு 1995 கின்னஸ் புத்தகத்துல போட்டிருக்காங்க. எங்க புதினாவுக்குத் தெரிஞ்சது பஸ் ஹாரனும், அம்மாவோட குக்கர் விசிலும்தான்.

(ஆப்பிரிக்கன் கிரே, சன் கான்யூர் மாதிரி பெரிய ஃபாரின் கிளிங்க மேல கண்ணு இருக்கறவங்களுக்கு: 2024-ல் வந்த விதிகள்படி அதையெல்லாம் பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். பில் இல்லாம வாங்கி மாட்டிக்காதீங்க. அதோட, கிரே 40 வருஷத்துக்கு மேலயும் வாழும். உங்க கல்யாணம், குழந்தை, அந்தக் குழந்தையோட காலேஜ் அட்மிஷன் எல்லாத்துக்கும் அது கூட இருக்கும். யோசிச்சுக்குங்க.)

தங்கச்சி அந்த ரெண்டையும் பார்த்துக்கிட்டதைப் பார்த்து எனக்கே பொறாமை. தினை, கீரை, கொத்தமல்லி. கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில ‘கடல் நுரை’ன்னு கேட்டு வாங்குவா. அது நுரை இல்லைங்க, கணவாய் மீனோட உள் ஓடு. அவகேடோ, சாக்லேட் ரெண்டும் விஷம்னு ஃபிரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டினா. எங்க ஃபிரிட்ஜுல அவகேடோ எப்படா இருந்துச்சுன்னு நான் சிரிச்சேன்.

அந்த லிஸ்ட்ல ஒரு வரி குறைஞ்சிருந்துச்சு.

அந்த ராத்திரி...

மார்ச் மாசம். காலேஜ் எக்ஸ்போவுக்கு ரெண்டு நாள்தான் பாக்கி. பஸ்ஸுக்கு ஃபைனல் பெயிண்ட். மொட்டை மாடியில அடிச்சா காத்துல தூசி வந்து உக்காரும்னு, ராத்திரி ஒன்பது மணிக்கு ரூமை சாத்திட்டு ஸ்ப்ரே கேனை எடுத்தேன். ஜன்னல் மூடினேன். கதவுக்கு அடியில ஈரத்துண்டு வெச்சேன். நான் ரொம்ப ஜாக்கிரதையான ஆளுன்னு எனக்கு நானே சர்டிஃபிகேட் கொடுத்துக்கிட்டேன். முதல் கோட், பதினஞ்சு நிமிஷம், ரெண்டாவது கோட். காயறதுக்கு ஃபேனை மெதுவா ஓடவிட்டேன்.

பழைய வீடு. ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல கதவு மேல ஒரு வென்டிலேட்டர் இருக்கு. வருஷக்கணக்கா அதைப் பார்த்துட்டே இருக்கேன். பார்த்ததே இல்ல. கூண்டு அதுக்கு நேர் கீழே மாட்டியிருந்துச்சு.

தங்கச்சி கத்தினது கேட்டுக் கதவைத் திறந்தேன். புதினா கூண்டோட தரையில. வாயைத் திறந்து மூச்சு வாங்குது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலயும் கீழயும் ஆடுது. லெமன் குச்சியில இறகை உப்பிட்டுக் கண்ணை மூடிட்டு இருக்கு. கூண்டை அப்படியே தூக்கிட்டு அவ வாசலுக்கு ஓடினா. காத்துல வெச்சு, கையில ஏந்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. பத்து நிமிஷம் இருக்குமா... தெரியல. அவ கையிலயே போயிடுச்சு.

மறுநாள் காலையில லெமனை அட்டைப் பெட்டியில வெச்சு கால்நடை டாக்டர்கிட்ட போனோம். பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல என்ன அடிச்சீங்க?"

அவர் சொன்னது இதுதான். நாம மூச்சை உள்ளே இழுக்கறோம், அதே வழியா வெளியே விடறோம். நுரையீரல்ல பழைய காத்து கொஞ்சம் தங்கும். பறவைக்கு அப்படி இல்ல. உடம்பு பூரா காத்துப் பைகள் இருக்கு. நுரையீரல் வழியா காத்து ஒரே திசையில ஓடிட்டே இருக்கும். இழுக்கும்போதும் புதுக்காத்து, விடும்போதும் புதுக்காத்து. பறக்கறதுக்குத் தேவையான ஆக்ஸிஜனுக்காக இயற்கை கொடுத்த ஏற்பாடு. ஆனா காத்துல விஷம் இருந்தா, அதையும் அதே வேகத்துல எடுத்துக்கும். அதுவும் 35 கிராம் உடம்பு! இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத்துல கேனரிக் குருவியைக் கூண்டோட கூட்டிட்டுப் போவாங்க. விஷவாயு இருந்தா மனுஷனுக்கு முன்னாடி அது மயங்கிடும். 1986 வரைக்கும் இந்த வழக்கம் இருந்துச்சாம்.

ஸ்ப்ரே, தின்னர் மட்டும் இல்ல. ஃபெவிக்விக் ஆவி, கொசுவர்த்தி, ரூம் ஸ்ப்ரே, அந்துருண்டை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாமே பறவைக்கு ஆகாது. ரொம்ப மோசமானது எது தெரியுமா? நான்-ஸ்டிக் தவா. அடுப்புல வெச்சுட்டு மறந்து காய்ஞ்சு போனா, அந்தக் கோட்டிங்ல இருந்து வர்ற வாயு நிமிஷக்கணக்குல பறவையைக் கொன்னுடும். நமக்கு வாசனைகூடத் தெரியாம போகலாம். கிளி வளர்க்கறவங்க வீட்டுல இதைப் படிக்கறவங்க இன்னிக்கே அம்மாகிட்ட இரும்பு தோசைக்கல்லை எடுக்கச் சொல்லிடுங்க.

அப்பா கேட்ட ஒரு கேள்வி

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பிச்சேன். அப்பா என் ஸ்ப்ரே கேனைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குகிட்ட வெச்சு மோந்தார். அப்புறம் மெதுவா கேட்டார்.

"நேத்து நான் ஹால்லதானே டி.வி. பார்த்துட்டு இருந்தேன். கூண்டு என் தலைக்கு மேல. எனக்கு எந்த வாசமும் வரலையேப்பா?"

யாரும் பதில் சொல்லல. அம்மா அப்பாவையே பார்த்துட்டு நின்னாங்க.

22 வருஷம். பட்டறையில பெயிண்ட் அடிக்கும்போது அப்பா மூக்குல கட்டறது ஒரு கர்சீப். நல்ல நாள்ல ஒரு துண்டு. கொரோனாவுக்கு அப்புறம் ஒரு என்-95. அது போதும்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம். என்-95 தடுக்கறது தூசி, துளி. தின்னர் ஆவி அதுக்குள்ள சர்வசாதாரணமா நுழைஞ்சு வரும். ஆவியைத் தடுக்க ரெண்டு பக்கமும் கரி அடைச்ச கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் வேணும். பஸ்ஸுக்கு அடிக்கற பி.யூ. பெயிண்ட்ல ஐசோசயனேட்னு ஒரு பொருள் இருக்கு. அது பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா கொண்டுவரும்ங்கறது மருத்துவப் பாடத்துலயே இருக்கற சமாச்சாரம். நான் மூணு வருஷமா இன்ஜினீயரிங் படிக்கறேன், இண்டஸ்ட்ரியல் சேஃப்டின்னு ஒரு பேப்பர்ல 78 மார்க் வாங்கியிருக்கேன். எங்கப்பா ராத்திரி இருமறதை மட்டும் ‘பனி ஒத்துக்கல’ன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ரெண்டு வாரம் கெஞ்சி, சண்டை போட்டு, அம்மா ஒருநாள் சமைக்காம இருந்து, கடைசியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒரு குழாய்ல முழு மூச்சையும் ஊதச் சொல்லி ஒரு டெஸ்ட். அளவு குறைவாத்தான் வந்துச்சு. இன்ஹேலர் கொடுத்திருக்காங்க. "இந்த வேலையை விட முடியுமா?"ன்னு டாக்டர் கேட்டதுக்கு அப்பா, "பையன் படிப்பு முடியட்டுங்க"ன்னார். இப்போதைக்கு கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுட்டு அடிக்கறார். முதல் நாள் பட்டறையில ‘விண்வெளிக்குப் போறீங்களாண்ணே’ன்னு கிண்டல் பண்ணினாங்களாம். போன மாசம் கூட வேலை பார்க்கற ரெண்டு பேர் அதை எங்கே வாங்கினதுன்னு கேட்டிருக்காங்க. ஒரு எச்சரிக்கை: கார்ட்ரிட்ஜ் நிரந்தரம் இல்ல. மாஸ்க்குக்குள்ள பெயிண்ட் வாசம் வந்தா மாத்தணும்னு சொல்வாங்க. வாசமே தெரியாத ஆளுக்கு? அதனால தேதி எழுதி ஒட்டி, காலண்டர் பார்த்து நான்தான் மாத்தறேன்.

தங்கச்சி என்கூட பத்தொன்பது நாள் பேசல. இருபதாவது நாள் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினா. ‘வீட்டுச் சட்டம்’னு தலைப்பு. ஸ்ப்ரே மொட்டை மாடியில மட்டும், அதுவும் கூண்டு எதிர்ப்பக்கம் இருக்கும்போது. அடிச்ச சட்டையோட கூண்டுகிட்ட வரக் கூடாது. வென்டிலேட்டருக்கு அட்டை. சாம்பிராணி போடற நேரம் லெமனுக்குப் பக்கத்து வீட்டு வராண்டா. கீழே கையெழுத்து போடச் சொன்னா, போட்டேன். அம்மாவும் போட்டாங்க.

லெமன் பிழைச்சிடுச்சு. முதல் வாரம் பூரா அது கூண்டுல தனியா புதினா உக்காரற இடத்தை விட்டுத் தள்ளியே உக்காந்திருந்துச்சு. பட்ஜி கூட்டமா வாழற ஜாதி, தனியா விடக் கூடாதுன்னு ஒரு புதுத் துணை வாங்கியிருக்கா. நேரா உள்ளே விடல. ஒரு மாசம் வேற கூண்டுல, வேற இடத்துல வெச்சு, நோய் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் சேர்த்தா. நீல ஆண். இன்னும் பேர் வைக்கல.

எக்ஸ்போவுக்கு நான் போகல. பஸ்ஸை மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேச்சு, தண்ணியில கரையற அக்ரிலிக் பெயிண்ட்ல பிரஷ்லயே அடிச்சேன். மெல்லிசா ஆறு கோட். ஸ்ப்ரே மாதிரி கண்ணாடியா வராது, பிரஷ் தடம் தெரியும். அப்பா வந்து குனிஞ்சு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அஞ்சடி தள்ளி நின்னா தெரியாது"ன்னார். 1:20ல அது நூறு அடி. சமாளிச்சுக்கலாம்.

முன்னாடி ரூட் போர்டு தங்கச்சி எழுதினது, கரூர் - திருச்சி. உள்ளே லைட் எரியுது, வைப்பர் ஆடுது. ஹாரன் ஒயரை மட்டும் கழட்டி வெச்சிருக்கேன். அவ எப்போ கேட்கறாளோ, அப்போ மாட்டிக்கலாம்.